ஆரல் வரைக்கும் மூன்றாம் வகுப்பில்

எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் ஒரு கண்டெய்னர் யார்டில் நான் வேலை செய்கிறேன். வெளிநாட்டுக்குப் போகும் பெட்டிகளுக்குக் காகிதம் தயார் செய்யும் வேலை. எந்தப் பெட்டி, உள்ளே என்ன சரக்கு, எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம் என்று காலையிலிருந்து மாலை வரை கணினியில் அடித்துக்கொண்டே இருப்பேன். உலகத்தில் பாதித் துறைமுகங்களின் பெயரை யோசிக்காமல் எழுதுவேன். நான் நேரில் போன தூரம் என்று பார்த்தால் வேளாங்கண்ணி, திருப்பதி, கல்யாணமான புதிதில் ஒருமுறை குற்றாலம்.

மகனுக்கு ஓசூரில் வேலை கிடைத்து அவன் போன பிறகு எனக்கு ஒரு வியாதி பிடித்தது. வீட்டில் உட்கார முடியாது. சோறு வடித்துவிட்டு வாசலுக்கு வருவேன், உள்ளே போவேன், ஃபேனைப் போடுவேன், அணைப்பேன், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். திருவொற்றியூர் கடற்கரையில் அலை ஊருக்குள் வராமலிருக்கக் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கற்கள் ஓரமாகவே போய் ஓரமாகவே திரும்புவேன். திரும்பி வந்த பிறகும் கால் நிற்காது. மருத்துவரிடம் போனேன். இரத்தம் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். வயது அப்படி என்றார்.

கணவர் டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். ஓட்டுகிறார் என்பது பாதிதான் உண்மை. மீதிப் பொழுது துறைமுக வாசலுக்கு வெளியே வரிசையில் நிற்கிறார். பெட்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், நடந்தே போய்விடக்கூடிய தூரத்துக்கு ஒரு பகல் முழுக்க ஆகும். வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். அவருக்கு அசையாமல் இருந்தால் போதும். எனக்கு அசைந்துகொண்டே இருக்க வேண்டும். இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் இது ஒரு பெரிய வித்தியாசமாக அப்போதுதான் தெரிந்தது.

அந்த மார்கழியில் ஒரு தேயிலைப் பெட்டி வந்தது. போய்ச் சேரும் இடம் அல்மாத்தி என்று இருந்தது. எவ்வளவு தேடியும் அந்தப் பெயரில் துறைமுகம் கிடைக்கவில்லை. சரக்குக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டதில், அது கடலே இல்லாத ஊர், பெட்டி கப்பலில் சீனா வரைக்கும் போய் அங்கிருந்து ரயில் ஏறும் என்றார். கஜகஸ்தான். வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நம் நாட்டைவிடக் கொஞ்சம்தான் சின்னது. ஜனம் தமிழ்நாட்டில் பாதிகூட இல்லை. அல்மாத்தி ஒரு மூலையில் இருந்தது. அங்கிருந்து ஒரு கோடு புல்வெளி, பாலைவனம் எல்லாவற்றையும் குறுக்கே வெட்டிக்கொண்டு இன்னொரு மூலையில் காஸ்பியன் கடல் வரைக்கும் போனது. தண்டவாளம். அந்தக் கோட்டில் ஓடும் ரயிலில் நாள்கணக்கில் உட்கார்ந்தே போகலாம். உட்கார்ந்திருக்கும்போதும் நகர்ந்துகொண்டே இருக்கும் ஓர் இடம். எனக்கு அது போதுமாக இருந்தது.

அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சோற்றுடப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஃபோனில் ரயில் பார்ப்பேன். நம் ஊரில் ஸ்லீப்பர் மாதிரி அங்கே மூன்றாம் வகுப்புப் பெட்டி ஒன்று உண்டு. கதவில்லாமல் எல்லோரும் ஒரே கூடத்தில் படுத்துக்கொள்வார்கள். பெட்டியின் கோடியில் எப்போதும் வெந்நீர் இருக்கும். டிக்கெட் மலிவு. கொஞ்ச நாள் தங்குவதற்கு நமக்கு விசாவும் வேண்டாம். டெல்லியிலிருந்து விமானம். அது ஒன்றுதான் செலவு. எனக்குச் சீட்டுப் பணம் வர வேண்டியிருந்தது. அதற்கு வேறு யாரும் வழி சொல்வதற்குள் நானே ஒரு வழி வைத்துவிட நினைத்தேன்.

கணவரிடம் சொல்ல நல்ல இடம் எது என்று யோசித்தால், அவர் தூங்காமல் இருக்கும் இடம் லாரிதான். ஒரு நாள் வரிசை எங்கள் யார்டு வாசல் வரைக்கும் நீண்டு, அவருடைய வண்டி எதிரிலேயே நின்றது. மோர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் ஏறி உட்கார்ந்தேன். சொன்னேன். ஃபோனில் அந்தக் கோட்டைக் காட்டினேன்.

"ரஷ்யாவா?" என்றார்.

"அதுக்குப் பக்கத்துல."

"அங்க இன்னா கீது?"

"ஒண்ணும் இல்லைங்க. ரயில்ல போறதுதான்."

அவர் மோரைக் குடித்துவிட்டு முன்னால் நிற்கும் லாரியின் பின்பக்கத்தையே பார்த்தார். "எனக்கு லீவு கெடைச்சா நான் தூங்குவேன். நீ போணும்னா போ. ஆனா ஒண்டியா போவாத. யாரையாவது இட்டுக்கினு போ."

அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், நாலு நாளில் அடங்கியும் இருப்பேன். போ என்று சொல்லிவிட்டார். யாரைக் கூட்டிக்கொண்டு போவது? எங்கள் அலுவலகத்தில் கூட வேலை செய்யும் பெண்களுக்குக் கைப்பிள்ளைகள். என் அக்காவுக்கு முட்டிவலி. அவளிடம் சொன்னபோது, பேசாமல் வேளாங்கண்ணிக்கே இன்னொரு தடவை போய்விட்டு வா என்றாள்.

என் நாத்தனார் எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய நெட்டுக்குப்பத்தில் இருக்கிறாள். கணவருக்கு நேர் இளையவள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து திருவொற்றியூர்த் தெருக்களில் விற்பாள். ஞாயிற்றுக்கிழமை கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்து, மீந்ததைக் கழுவிக் கொடுத்துவிட்டுக் காபி குடிப்பாள். அப்படி ஒரு ஞாயிறு நான் மேசையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, நிற்கும் ஊர்களை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். ஷிம்கென்ட், துர்கிஸ்தான், கிசிலோர்தா, ஆரல்.

"இன்னாது?" என்றாள்.

"ஆரல்."

"அது மீனு பேராச்சே அண்ணி."

நமக்கு அது மீன்தான், பாம்பு மாதிரி வழவழவென்று ஏரியில் கிடப்பது. அங்கே அது ஒரு ஊர், ஒரு காலத்தில் பெரிய கடலே அந்தப் பெயரில் இருந்தது என்றேன். ஆறுகளைப் பருத்திக்குத் திருப்பிவிட்டதில் கடல் வற்றிப்போய், கப்பல்கள் மணலில் நின்றுவிட்டன என்று படித்ததைச் சொன்னேன். படத்தைக் காட்டினேன். துருப்பிடித்த ஒரு படகு, அதன் நிழலில் ஒட்டகம்.

அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஃபோனை வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள். "நான் வர்ரேன்" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"தடைக்காலத்துல போலாம். அப்ப போட்டு போவாது, ஏலம் கெடையாது. நான் சும்மாத்தான் குந்திக்கினு இருப்பேன்."

சித்திரையிலிருந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்று இரண்டு மாதம் தடை இருக்கும். மீன் குஞ்சு பொரிக்கும் காலம். அந்த மாதங்களில் அவள் வீட்டில் இருப்பாள். அங்கேயும் அந்த மாதத்தில் குளிரும் இல்லை, வெயிலும் இல்லை என்று பார்த்தேன். என் மேலாளரிடம் பத்து நாள் விடுப்புக் கேட்டேன். எதற்கு என்று கேட்டார், ரயிலில் போக என்றேன். அவர் அதை நகைச்சுவை என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டார்.

நாத்தனாருக்குப் பாஸ்போர்ட் இல்லை. விண்ணப்பித்தோம். ஒரு நாள் விசாரணைக்குக் காவலர் ஒருவர் நெட்டுக்குப்பம் வந்தார். நான் விடுப்புப் போட்டுவிட்டுப் போயிருந்தேன். அவளுடைய கணவர் வேலைக்குப் போயிருந்தார். முன்பு முகத்துவாரத்தில் வலை போட்டவர், அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து ஆறு மேடிட்ட பிறகு இப்போது கூலிக்கு மூட்டை ஏற்றுகிறார். காவலர் நாற்காலியில் உட்கார்ந்து ஆதார் அட்டையைப் பார்த்தார்.

"துபாய்க்கா? வீட்டு வேலைக்கா?"

"இல்ல சார். சுத்திப் பாக்க."

"எங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். அவர் அந்தப் பெயரை எழுத முயன்று பாதியில் நிறுத்திவிட்டு, "ஏஜென்ட் யாராவது ஆசை காட்டுறானாம்மா?" என்று தணிந்த குரலில் அவளைக் கேட்டார்.

"இவங்கதான் சார் ஏஜென்ட்டு. எங்க அண்ணி" என்றாள்.

அவர் என்னையும் ஒரு பத்து நிமிடம் விசாரித்தார். கடைசியில் அக்கம்பக்கத்தில் கேட்டுவிட்டுப் போனார். அன்று மாலைக்குள் நெட்டுக்குப்பத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மீன்காரி வெளிநாடு போகிறாள் என்று ஒரு பக்கம், அண்ணி அவளை விற்கப் போகிறாள் என்று இன்னொரு பக்கம். நாத்தனார் கேட்கிறவர்களிடமெல்லாம், "பாஸ்போர்ட்டு வரட்டும், அப்பால பேசிக்கலாம்" என்று மீனை நிறுத்துக் கொடுத்தாள்.

வந்தது. அந்தச் சின்னப் புத்தகத்தை என் வீட்டில் கொடுத்து வைத்தாள். அவள் வீட்டில் எதை வைத்தாலும் மீன் நாற்றம் ஏறிவிடும் என்று பயம்.

அங்கே பகலில் இதமாக இருந்தாலும் விடியற்காலைக் குளிருக்குத் துணி வேண்டும் என்று போட்டிருந்தது. கடற்கரை ரயில் நிலையம் எதிரில் நடைபாதையில் பழைய கம்பளிச் சட்டை விற்பவரிடம் போனோம். எனக்கு ஒரு நீலக் கோட்டு. அவளுக்குத் தேர்ந்தெடுப்பதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒவ்வொன்றையும் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தாள், ஜிப்பை நூறு தடவை ஏற்றி இறக்கினாள். கடைசியில் ஆண்கள் போடும் தடிமனான பச்சைக் கோட்டு ஒன்றை எடுத்தாள். "இத்தப் போட்டா குளிரு தாங்குமா தாங்காதான்னு எப்படித் தெரியும்?" என்றாள். போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்றேன். "போயி விறைச்சிக்கினா இன்னா பண்றது? இங்கியே பாத்துடலாம் வா."

அடுத்த நாள் வேலை முடிந்ததும் காசிமேட்டுக்கு வரச் சொன்னாள். அங்கே ஒரு ஐஸ் கம்பெனியில் ஐஸ் பாளங்களை அடுக்கி வைக்கும் குளிர் அறை உண்டு. மேஸ்திரி அவளுக்குத் தெரிந்தவர். நாங்கள் இரண்டு பேரும் பங்குனி வெயிலில் கோட்டும், கம்பளிக் குல்லாவும், காலுறையும், ஷூவும் போட்டுக்கொண்டு துறைமுகத்து ஈரத்தில் நடந்து போனோம். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருவர், "இன்னா அக்கா, ஜொரமா?" என்று கேட்டார். மேஸ்திரி கதவைத் திறந்துவிட்டு, "அஞ்சு நிமிசத்துல தட்டுவேன், பதில் சொல்லணும்" என்று எச்சரித்து மூடினார்.

உள்ளே ஒரு மங்கலான விளக்கு. சுவரைப் போலப் பாளங்கள். மூச்சு புகையாக வந்தது. முதலில் முகம், அப்புறம் விரல், அப்புறம் பாதம் என்று குளிர் ஏறியது. நான் வழக்கம்போல அங்கேயும் நடக்க ஆரம்பித்தேன், இருந்த இடத்தில் நாலடி இப்படி, நாலடி அப்படி. அவள் ஒரு பாளத்தின் மேல் சாக்கைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி, நீ ஏன் ஓர் எடத்துல நிக்க மாட்ற?"

"குளிருதுல்ல."

"வெளிய வெயில்லயும் நிக்க மாட்டியே."

மேஸ்திரி தட்டினார். இன்னும் கொஞ்ச நேரம் ஆகட்டும் என்று அவள் குரல் கொடுத்தாள். இரண்டாவது முறை தட்டியபோது வெளியே வந்தோம். கோட்டு தாங்கும், ஷூதான் தாங்காது, இரண்டு காலுறை வேண்டும் என்று முடிவாயிற்று. வெயிலில் நின்றதும் இரண்டு பேருக்கும் இமையில் ஈரம். அவள் சிரித்த சிரிப்பில் மேஸ்திரியும் சிரித்துவிட்டார். அந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு இதமாக இருக்கிறது.

சண்டை அதற்கு அடுத்த வாரம் வந்தது. திட்டத்தை முடித்துக் காட்டினேன். அல்மாத்தியில் இறங்கி அன்றைக்கே ரயில், நிற்காமல் காஸ்பியன் கடல், அங்கே ஒரு பகல், திரும்ப அதே ரயிலில் அல்மாத்தி, விமானம். என் பத்து நாளில் அது சரியாக அடங்கியது. ஒரு மணி நேரம்கூட வீணாகவில்லை என்று எனக்குப் பெருமை. நெட்டுக்குப்பத்தில் அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தோம். எதிரே மேடிட்டுக் காய்ந்த ஆறு, அதற்கு அந்தப் பக்கம் மின்நிலையத்துப் புகைக்கூண்டுகள்.

"ஆரல்ல எப்ப எறங்குறோம்?" என்றாள்.

"இறங்கல. வண்டி அங்க கொஞ்ச நேரம் நிக்கும். பிளாட்பாரத்துல இறங்கிப் பாக்கலாம்."

"பிளாட்பாரத்துல இன்னா தெரியும்? நான் அதுக்குத்தானே வர்ரேன்னு சொன்னேன்."

இறங்கினால் அடுத்த வண்டிக்கு இரண்டு நாள் காத்திருக்க வேண்டும், காஸ்பியன் போக முடியாது என்று விளக்கினேன். அங்கே போய்ப் பார்க்க என்ன இருக்கிறது, காய்ந்த தரை, அதை இங்கேயே பார்க்கலாமே என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எங்களுக்கு எதிரில் இருப்பது என்ன என்று உறைத்தது.

அவள் ஆற்றைப் பார்த்தாள். "அங்க பொம்பளைங்க இருந்திருப்பாங்கல்ல. மீன் வித்தவங்க. கடலு பூட்ட அப்பால அவங்க இன்னா பண்ணாங்கன்னு எனக்குக் கேக்கணும். அத்தக் கேக்காம நான் ரயில்ல குந்திக்கினு எங்க போவ?"

"உனக்கு அவங்க பாஷை தெரியுமா?"

"உனக்குத் தெரியுமா? நீ மட்டும் கடல்கிட்ட போயி இன்னா பேசப் போற?"

நான் எழுந்து பேருந்துக்கு நடந்தேன். அவள் கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிறு மீன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும். எனக்குக் கோபம் தணியவில்லை. எனக்கு முனை வரைக்கும் போக வேண்டும். ஒரு கோடு இருந்தால் அதன் கடைசிவரைக்கும் போகாமல் நடுவில் இறங்கி உட்காருவது என்ன பயணம்? சாயங்காலம் கற்கள் ஓரமாக நடந்து நடந்து இதையே யோசித்தேன். தனியாகப் போய்விட்டால் என்ன என்றும் யோசித்தேன். கணவரிடம் கேட்டும்விட்டேன்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அவ வந்தா நீ போற. அவ வர்லன்னா நீ போவல. அப்ப யாரு சொல்றது கேக்கணும், நீயே சொல்லு" என்றார். அப்புறம் கையைக் கழுவிவிட்டுப் படுத்தார். தங்கைக்காகப் பேசினாரா, எனக்காகப் பேசினாரா, தூக்கத்துக்காகப் பேசினாரா என்று தெரியவில்லை.

மறுநாள் விடியும்போது ஆட்டோ பிடித்துக் காசிமேட்டுக்குப் போனேன். ஏலம் நடந்துகொண்டிருந்தது. சங்கராக் குவியல் ஒன்றைச் சுற்றிப் பெண்கள் நின்றார்கள். அவள் முன்வரிசையில் இருந்தாள். பின்னாலிருந்து தோளைத் தொட்டு, "ஆரல்ல இறங்கலாம்" என்றேன்.

"இரு அண்ணி" என்றாள் திரும்பாமல். ஏலக்காரர் சொன்னதற்கு மேல் கேட்டாள், இன்னொருத்தி அதற்கு மேல் கேட்டாள், இவள் விட்டுவிட்டாள். அப்புறம்தான் திரும்பினாள். "ரெண்டு நாளா?"

"ரெண்டு நாள்."

"உன் கடலு?"

"அதை விட்டுட்டேன்."

"டீ குடிக்கிறியா?" என்றாள்.

கிளம்பிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, வறுத்த ரவை, அவல் எல்லாம் எடுத்துக்கொண்டோம். கருவாட்டை மட்டும் நான் கண்டிப்பாக வேண்டாம் என்று எடுத்து வெளியே வைத்தேன். டெல்லி விமானத்தில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, எண்ணூர் தெரிகிறதா என்று கடைசிவரை தேடினாள். அல்மாத்தியில் மலை மேல் பனி வெள்ளையாக இருந்தது, அதை ரயில் நிலையத்துக்குப் போகும் பேருந்திலிருந்து பார்த்ததோடு சரி. ரயிலில் ஏறினோம். ஐஸ் அறையில் சோதித்துப் பார்த்த கோட்டைக் கழற்றித் தலைக்கு வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று, பெட்டிக்குள் அவ்வளவு புழுக்கம்.

ஓடும் ரயிலில் எனக்கு எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தேன். ஆகவில்லை. முதல் சில மணி நேரம் ஜன்னலை விட்டு நகரவில்லை. புல்வெளி, அதில் ஒரு குதிரைக் கூட்டம், மறுபடி புல்வெளி. அதற்குப் பிறகு கால் பழையபடி ஆரம்பித்தது. எழுந்து பெட்டியின் கோடி வரைக்கும் போய் வெந்நீர் பிடித்து வந்தேன். குடிக்கவில்லை. மறுபடி போனேன். நாத்தனாரோ கீழ்ப் படுக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எதிரில் இருந்த குடும்பத்துக்கு வெந்நீரிலேயே ரவை உப்புமா கிளறிக் கொடுத்து, அவர்களுடைய ரொட்டியையும் சாப்பிட்டு, ஒரு குழந்தையை மடியில் போட்டுத் தூங்கவைத்திருந்தாள். ஒரு வார்த்தை பொதுவாக இல்லை. அவள் பாட்டுக்குத் தமிழில் பேசினாள், அவர்கள் பாட்டுக்கு அவர்கள் மொழியில் பேசினார்கள்.

மறுநாள் பிற்பகலில் ஆரலில் இறங்கினோம். காற்றில் உப்பு இருந்தது, கடல் இல்லை. எங்களுக்கு அறை கொடுத்தது அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா. தலையில் பூப்போட்ட துணி கட்டியிருந்தார். சாமானை வைத்துவிட்டுப் பழைய துறைமுகத்தைப் பார்க்கப் போனோம். கிரேன் ஒன்று நின்றது. நான் தினமும் பார்க்கிற கிரேன்களுக்குத் தம்பி மாதிரி. அதன் கீழே தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் மணலும் முள்செடியும். நாத்தனார் படிக்கட்டில் இறங்கி, படகு கட்டும் இரும்பு வளையம் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அந்த மணலில் கொஞ்ச தூரம் நடந்து போய்த் திரும்பி வந்தாள்.

அணை ஒன்று கட்டிய பிறகு கடல் ஒரு பக்கம் கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது. மறுநாள் ஒரு ஜீப்பில் இடம் கேட்டு அங்கே போனோம். தூரத்தில் நீலமாகத் தண்ணீர். கரையில் சின்னப் படகுகள் கவிழ்த்துப் போட்டிருந்தன. ஏன் ஒருவரும் போகவில்லை என்று ஓட்டுநரிடம் கைகாட்டிக் கேட்டோம். அவர் ஃபோனில் மொழிபெயர்த்துக் காட்டினார். மீன் முட்டையிடும் மாதம், பிடிக்கத் தடை.

"இங்கயும் தடைக்காலமா?" என்று நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஓட்டுநருக்கு எதற்குச் சிரிக்கிறாள் என்று புரியவில்லை.

அன்று மாலை அறைக்கார அம்மா டீ கொடுத்தார். நாத்தனார் என் ஃபோனைக் கேட்டாள். மொழிபெயர்க்கும் செயலியைத் திறந்து கொடுத்தேன். வாய்க்கு நேராகப் பிடித்து, "கடலு பூட்ட அப்பால நீங்கள்லாம் இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?" என்றாள். ஃபோன் எதையோ சொன்னது. அந்த அம்மா புருவத்தைச் சுருக்கினார். மறுபடி சொன்னாள். மறுபடி அதே. "உன் ஃபோனுக்கு நம்ம பேச்சு தெரியல அண்ணி, நீ கேளு" என்று என்னிடம் நீட்டினாள்.

நான் பள்ளிக்கூடத்தில் படிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். "கடல் போன பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்?"

அந்த அம்மாவுக்குப் புரிந்தது. டீக் கோப்பையைக் கீழே வைத்தார். மெதுவாகப் பேசினார். ஃபோன் அதை ஒரு துண்டு துண்டாக எங்களுக்குப் படித்தது. கடல் போனது. ஆண்கள் வேறு ஏரிகளுக்குப் போனார்கள். நாங்கள் போகவில்லை. மீன் தொழிற்சாலை இருந்தது. அது மூடக்கூடாது என்று தூரத்துக் கடலிலிருந்து ரயிலில் மீன் வந்தது. உறைந்த மீன். நாங்கள் அதை வெட்டினோம். பிறகு அதுவும் நின்றது.

"அப்பால?" என்றாள் நாத்தனார். அதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

ஒட்டகப்பால் விற்றேன். குழந்தைகளைப் படிக்க அனுப்பினேன். இப்போது கொஞ்சம் தண்ணீர் வந்திருக்கிறது. என் மகன் மீன் பிடிக்கிறான். மகள் திரும்பி வரமாட்டாள்.

நாத்தனார் தன் கையை நீட்டி, செவுளும் செதிலும் கீறி ஏறிய தழும்புகளைக் காட்டினாள். அந்த அம்மா தன் கையை நீட்டினார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நான் ஃபோனை அணைத்துவிட்டு வெளியே போய் முற்றத்தில் நடந்தேன். உள்ளே இரண்டு பேரும் இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். எந்த மொழியில் என்று கேட்காதீர்கள்.

கிளம்பும் நாள் காலையில் நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டோம். பெண்கள் சிலர் புகை போட்ட மீனைத் தட்டில் அடுக்கி விற்றுக்கொண்டிருந்தார்கள். தடைக்கு முன்னால் பிடித்தது. நாத்தனார் ஒவ்வொரு தட்டாக நின்று, பேரம் பேசி, ஒரு முழு மீன் வாங்கினாள். அப்போது எங்களுடைய வண்டிக்கு முன்னால் எதிர்த்திசை வண்டி வந்து நின்றது. பெட்டியில் ஊர்ப்பெயர் எழுதியிருந்தது. வருவதற்கு முன் அவர்கள் எழுத்தை ஃபோனில் பழகியிருந்ததால் நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். காஸ்பியன் பக்கம் போகும் வண்டி. நடத்துநர் பெண் படியருகே இறங்கி நின்று, ஏறப் போகிறவள் என்று நினைத்து என் பக்கம் கையை நீட்டினாள்.

நான் அந்தப் படியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நாத்தனார் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏறணும்னா ஏறு அண்ணி. நான் அந்த அம்மா வூட்ல இருக்கேன். நீ போயிட்டு வா."

"டிக்கெட் இல்ல."

"டிக்கெட் இல்லன்னுதான் ஏறலியா?"

விடுப்பு இருந்தது, விமானம் இருந்தது, லாரி வரிசையில் நிற்கும் என் கணவர் இருந்தார். நடத்துநர் பெண் கையை இறக்கிக்கொண்டாள். வண்டி நகர்ந்தது. கடைசிப் பெட்டி போகும்வரை பார்த்தேன். அது போன பிறகு தண்டவாளம் மட்டும் அந்தப் பக்கம் நேராகப் போய்க்கொண்டிருந்தது. நாத்தனார் என் கைப்பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு பெஞ்சுக்குப் போனாள்.

எங்கள் வண்டி வந்தது. ஏறியதும் அவள் மீனைக் காகிதத்தில் பிரித்து, முள்ளை எடுத்து, எனக்கு ஒரு துண்டு கொடுத்தாள். நன்றாக இருந்தது, உப்புதான் கொஞ்சம் அதிகம். அவள் படுத்துத் தூங்கிவிட்டாள். நான் எழுந்து பெட்டியில் நடக்க ஆரம்பித்தேன். பக்கவாட்டுப் படுக்கையில் காலை நீட்டியிருந்த ஒரு பெரியவர் நான் வரும்போதெல்லாம் காலை மடக்கிக்கொண்டார். சில தடவைகளுக்குப் பிறகு அவர் காலை மடக்கியபடியே வைத்துக்கொண்டு, போய்க்கொண்டிரு என்பதுபோல என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.